வெளியூரில் நம் விடுதி

பாயிண்ட் சேர்த்து வெளிநாட்டுப் பெரிய ஓட்டல்களில் தங்கும் பழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. மாரியட், ஹாலிடே இன் ஆகிய ஓட்டல் நிறுவனங்கள் 1983-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அதற்கு 120 ஆண்டுகள் முன்பே, 1863-இல், எங்கள் சமூகத்தாரான நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் நிறுவினார்கள்.

புதுக்கோட்டைச் சீமையில் ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற எங்கள் ஊர்களில் மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் பெயர் பதிவாகும். புள்ளி வரி கட்ட வேண்டும். வியாபாரத்திலும் மகமை என்று தருமத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். இந்தக் கொடை வழக்கத்தில்தான் காசி, ராமேஸ்வரம், பழனி என்று விடுதிகள் எழுந்தன.

எங்கள் ஆயா (பாட்டி) காசிக்குப் போனபோது சத்திரத்துக் கணக்கப்பிள்ளை, “எந்த ஊரு, எந்தக் கோயில் ஆச்சி?” என்று கேட்டாராம். “ராயவரம், இளையாத்தங்குடி.” அவ்வளவுதான், பாய், தலையணை, இலை போட்டுச் சாப்பாடு. சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோயிலுக்குப் பூஜைப் பொருள்கள் ‘சம்போ’ முழக்கத்தோடு புறப்படுவதைச் சொல்லும்போது ஆயாவுக்குக் குரல் தழுதழுக்கும்.

கடல் கடந்தும் அப்படித்தான். 1859-இல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் முருகன் கோயில் கட்டினார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்னும் பொதுக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி, அதாவது பெட்டி வைத்து உட்காரும் இடம், இருந்தது. பகலில் அதுவே கடை, இரவில் படுக்கை.

ஓட்டல் பாயிண்ட் செலவழித்தவனுக்கே திரும்பி வருகிறது. ஐயாக்கள் கொடுத்த மகமையோ, அவர்கள் கண்டிராத பேரன் பேத்திகளுக்கும் இடம் வைத்தது. அந்த விடுதிகளின் பழைய கணக்கேடுகளைக் கறையானுக்கு விடாமல் காப்பது நம் கடமை. எங்கள் ஊர்களின் வரலாறு அவற்றில் இருக்கிறது.