செங்கல்லாக நடித்த சிவப்பும் மரமாகவே நின்ற கறுப்பும்

வீட்டுக்கு அடர்ந்த வண்ணம் பூச விழைவோர் இன்று வண்ண அட்டையைப் புரட்டித் தெரிவு செய்கின்றனர். கண்ணுக்கு உகந்தது எது என்பதே அங்கு எழும் கேள்வி. வட ஐரோப்பாவின் மரவீடுகளுக்கு அது மட்டும் போதவில்லை. பனியிலும் மழையிலும் நனையும் மரத்தை எது காக்கும் என்ற கேள்வியும் உடன் இருந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் இரண்டு, ஸ்வீடனின் ஃபாலு சிவப்பும் நார்வேயின் கீல் கறுப்பும்.

ஃபாலுன் செப்புச் சுரங்கத்தில் தாமிரம் எடுத்தபின் எஞ்சிய கழிவு, காற்றிலும் மழையிலும் கிடந்து சிவந்தது. அதைக் கழுவிச் சுட்டு அரைத்தால் நிறப்பொடி கிடைக்கும். கூடுதலாகச் சுட்டால் நிறம் அடரும். நம் கோயில் மதில்களின் காவிக்குச் செம்மை தரும் இரும்பு ஆக்சைடே இதற்கும் அடிப்படை. நீர், ரை தானிய மாவு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றுடன் காய்ச்சிப் பூசினார்கள்.

1570களில் மன்னர் மூன்றாம் யோஹான் தம் அரண்மனைக் கூரைக்கு இந்நிறத்தை நாடினார். 17ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தம் மர மாளிகைகளுக்கு இதைப் பூசியதன் நோக்கம் வேறு. செங்கல் வீடு செல்வத்தின் அடையாளமாயிருந்த காலம் அது. மரம் செங்கல்லாகத் தோற்றமளிக்க வேண்டியிருந்தது.

கறுப்புக்கு இத்தகைய பாசாங்கு இல்லை. பிசின் செறிந்த பைன் வேர்களைக் குழியில் அடுக்கி, புல்மண்ணால் மூடி, மெல்லப் புகையவிட்டு வடித்தது கீல். படகுக்குப் பூசிய அதையே கட்டடத்துக்கும் பூசினர். புதிதாய்ப் பூசும்போது பழுப்பாயிருப்பது, பூச்சுமேல் பூச்சு ஏறக் கறுக்கும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர்னெஸ், போர்குண்ட் மரத் தேவாலயங்கள் இன்றும் நிற்பதில் கீலின் பங்கு பெரிது. ஃபாரோ தீவுகளின் பழைய வீடுகளும் கீல் பூசிக் கறுத்தவையே.

சிவப்பு மரத்தின் மேல் பொடியாய்ப் படிகிறது. கறுப்பு உள்ளே ஊறுகிறது. எனினும் இரண்டுமே மரத்தின் ஈரம் வெளியேற வழிவிடுகின்றன. பிற்காலத்துப் பிளாஸ்டிக் பூச்சுகள் சில ஏடுபோல் மூடி, ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து மரத்தை உளுக்கச் செய்தன. வண்ணம் வெறும் அலங்காரமாகச் சுருங்கியதற்குச் சுவர்கள் கொடுத்த விலை அது.

இவ்வழகுகளின் மறுபக்கத்தையும் மறப்பதற்கில்லை. கீலுக்காகக் காடு எரிந்தது. ஃபாலுனின் கந்தகப் புகை சுற்றுப்புறத் தாவரங்களைக் கருக்கியது. 1734இல் அங்குச் சென்ற லின்னேயஸ் அச்சுரங்கத்தை நரகத்தோடு ஒப்பிட்டார்.

வரலாறு இன்னொன்றும் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் சிவப்பு குடியானவரின் குடிலை எட்டியது. செங்கல்லாக நடிக்கப் பிறந்த நிறம் ஸ்வீடன் நாட்டுப்புற மரவீட்டின் அடையாளமாகவே ஆயிற்று. செல்வர் பூண்ட வேடம் எளியவரின் முகமாயிற்று எனலாம். 1992இல் சுரங்கம் மூடப்பட்டது. கழிவுக் குவியல்களிலிருந்து சிவப்பு மட்டும் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது.