பேய்க்கதையின் முதல்: ‘பீட்சா’வும் கேட்பவரின் அச்சமும்

ஒரத்தநாட்டின் முக்தாம்பாள் சத்திரம், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி: 1798–1832) தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாகக் கட்டியது. மாண்டுபோன ஒரு பெண், அவள் பெயர் தாங்கிய பழைய பெருங்கட்டடம் என்று தமிழ்ப் பேய்ப்படம் வழக்கமாகத் தேடும் இரண்டும் இங்கே சேர்ந்திருக்கின்றன. ஆயினும் அந்தப் பெயர் நிலைத்தது அறச்சாலையின் பெயராக. ஒரே சாவும் ஒரே கட்டடமும் அறத்தின் கதையாகலாம், அச்சத்தின் கதையாகலாம். எதுவாகும் என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள். சிறு முதலீட்டில் உருவாகி 2012 அக்டோபர் 19 அன்று வெளியான கார்த்திக் சுப்பராஜின் முதல் படம் ‘பீட்சா’ இதை நன்கு உணர்ந்த படம் என்பது என் வாதம்.

பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான். படத்தின் நெடும்பகுதியில் ஒரு வீடு, ஓர் ஆள், ஒரு டார்ச் விளக்கு. வயலுக்குத் தண்ணீர் கட்ட நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் நடந்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல: வெளிச்சம் விழும் வட்டம் சிறுக்கச் சிறுக்க, அது விழாத இடம் வளரும். கோபி அமர்நாத்தின் ஒளிப்பதிவு அந்தச் சிறு வட்டத்தையே நம்பி நிற்கிறது. செலவில்லாமையைக் கலையாக்கிய இடம் இது. ஆனால் படத்தின் புதுமை இதற்கும் அப்பால் இருக்கிறது.

பங்களாவில் நடந்ததாக நாம் கண்டதெல்லாம், முதலாளி சண்முகத்திடம் மைக்கேல் கட்டிச் சொன்ன கதை. முதலாளியின் வைரங்கள் கைக்கு வந்ததை மறைக்கச் சொன்னது. அந்தக் கதைக்குள் வரும் ‘நித்யா’ என்ற பெயரை அவன் எங்கிருந்து எடுத்தான்? பேய் பிடித்ததாக நம்பப்படும் முதலாளியின் மகளிடமிருந்து. கேட்பவரின் வீட்டிலேயே இருக்கும் அச்சத்தை எடுத்து, அவரிடமே திருப்பிக் கொடுக்கிறான். இதுதான் கதையின் முதல். அதில் ஒரு காசுகூட அவனுடையதல்ல. திண்ணையில் பேய்க்கதை சொல்லும் பாட்டியும் இதைத்தான் செய்கிறார். எங்கோ இருக்கும் மரத்தைச் சொல்லமாட்டார். பேரன் நாளை கடக்கவேண்டிய புளியமரத்தைச் சொல்வார்.

இந்தத் திருப்பம் பேய்ப்படத்தைத் திருட்டுக் கதையாகச் சுருக்கிவிட்டது என்று ஒருவர் மறுக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘சந்திரமுகி’ (2005), ‘காஞ்சனா’ (2011) ஆகியவற்றில் அச்சத்துக்குப் பின்னால் ஒரு பழைய அநீதி இருக்கிறது. அதைச் சொல்லி முடித்ததும் அச்சம் நியாயமாகிவிடுகிறது. அமெரிக்கச் சிறுமுதலீட்டுப் படமான ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ (1999), காணாமல்போன மூன்று மாணவர்கள் எடுத்த உண்மைப் பதிவாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. ‘பீட்சா’ துணிச்சலாக எதிர்வழியில் போகிறது. தன் கதை பொய் என்று தானே ஒப்புக்கொள்கிறது. பழிவாங்கலின் ஆறுதலும் கிடைப்பதில்லை, உண்மைப் பதிவென்ற துணையும் இல்லை.

அதனால்தான் இறுதிக் காட்சியை வெறும் கொசுறாக நான் பார்ப்பதில்லை. மைக்கேல் இன்னொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோகிறான். அங்கே நித்யா என்ற பெயர் அவனுக்காகக் காத்திருக்கிறது. இதுவரை சொன்னவன், இப்போது கேட்பவனின் இடத்தில் நிற்கிறான்.