ஆசான் திருப்பிக் கொடுத்த பொறுப்பு: ‘தன்யா’ நூலில் மாணாக்கரின் கடவுளுறவு

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே பரவிய ஹசிதிய இயக்கத்தின் நடுநாயகமாக விளங்குபவர் ‘சாதிக்’ எனப்படும் அறவோர். கடவுளுக்கும் எளிய மனிதனுக்கும் இடையே ஒருவரை நிறுத்தியதே இவ்வியக்கத்தின் அடையாளம் என்று பலர் கருதுகின்றனர். லிஷென்ஸ்க் நகரின் எலிமெலேக் (1717–1787) போன்றோரின் போதனைக்கு இக்கருத்து பெரிதும் பொருந்தும். மக்கட்பேறு, ஆயுள், பிழைப்பு ஆகிய மூன்றையும் மேலுலகிலிருந்து அடியாருக்குப் பெற்றுத்தரும் வாய்க்காலாகவே அவர் சாதிக்கைக் கண்டார். ஆனால் அதே இயக்கத்தில் ஷ்னேயுர் சல்மான் (1745–1812) வகுத்த ஹபாத் நெறிக்கு இது முழுதும் பொருந்தாது. அவர் மாணாக்கரின் கடவுளுறவைத் தாம் ஏற்று நடத்தவில்லை. அதை அவர்கள் தாமே உழைத்து ஈட்டவேண்டிய பொறுப்பாக அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு முதற் சான்று ‘தன்யா’ என வழங்கும் அவரது நூல் தோன்றிய சூழல். இன்றைய பெலாரூஸிலுள்ள லியோஸ்னா ஊருக்கு அறிவுரை நாடி வந்தோர் தொகை பெருகவே, பழைய அடியார்கள் வந்துபோவதை விதிகள் வகுத்து மட்டுப்படுத்த நேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூற நேரம் போதவில்லை என்பதையே நூல் எழுதியதற்குக் காரணமாக முன்னுரை கூறுகிறது. நூலைப் படித்தும் விளங்காதவர்கள் தத்தம் ஊரிலுள்ள கற்றோரை அணுக வேண்டும். அக்கற்றோர் பொய்யடக்கம் காட்டி வாய்மூடி இருத்தலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது. 1796இல் ஸ்லாவிடாவில் அச்சான முதற்பதிப்பு ஆசிரியர் பெயரைத் தாங்கவில்லை. தம்மை நேரில் காண்பதே வழி என்று கருதிய ஆசான் இவ்வாறு செய்திருக்க மாட்டார்.

நூலின் உள்ளீடு இதனினும் வலிய சான்று. அதன் முதற்பகுதியின் 53 அதிகாரங்களும் ‘பெய்னோனி’, அதாவது இடைநிலை மனிதன், என்பவனுக்காக எழுதப்பட்டவை. நன்மையும் தீமையும் சரிபாதியாக உடையவனே பெய்னோனி என்ற வழக்கமான விளக்கத்தை ஷ்னேயுர் சல்மான் ஏற்கவில்லை. தீய நாட்டம் உள்ளத்தில் அழியாமல் இருந்தும், அது எண்ணத்தையோ சொல்லையோ செயலையோ ஆளவிடாதவனே அவருக்குப் பெய்னோனி. சாதிக் ஆகும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று; பெய்னோனி நிலையோ யாவரும் முயன்று அடையத்தக்கது. எனவே, தகாத நினைவு எழுவதைக் கண்டு மாணாக்கர் மனம் உடைய வேண்டியதில்லை. அதைப் புறந்தள்ளும் ஒவ்வொரு முறையும் அவர் கடவுளுக்குத் தொண்டு செய்கிறார். தோல்வியின் அடையாளமாக இருந்த உட்போரே இங்கு வழிபாடாகிறது. அன்பும் அச்சமும் கூட ஆசானிடமிருந்து வந்து சேர்வன அல்ல. இறைவனின் பெருமையை நெடுநேரம் சிந்திக்கும் பயிற்சியால் மாணாக்கர் தம் உள்ளத்தில் விளைவிக்க வேண்டியவை.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. கல்லாதாரின் ஆன்மா, சான்றோரோடு கொண்ட பிணைப்பின் வழியாகவே ஊட்டம் பெறுகிறது என்று அந்நூலின் இரண்டாம் அதிகாரமே கூறுகிறதே? உண்மை, இதை ஒதுக்கிவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. ஆனால் அப்பிணைப்பு தொடக்கத்தைச் சொல்கிறதே தவிர, அதன் பின் செய்யவேண்டிய உழைப்புக்கு ஈடாக நிற்கவில்லை. வேர் மரத்துக்கு உயிரூட்டும். காய்ப்பது கிளையின் வேலை. ஹசிதியத் தலைவருள் ஒருவரான காலிஸ்க் ஆபிரகாம், சாதிக் மீதான நம்பிக்கையை முதன்மையாகக் கொண்டு, நுண்ணிய மறைஞானத்தைப் பொதுமக்கள் அறிவுக்கு இவ்வளவு திறந்துவிட்டதைக் கண்டித்தார். ஷ்னேயுர் சல்மானின் நெறி வேறு திசையில் செல்வதைச் சமகாலத்தவரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இக்கண்டனமே சான்று.

பின்னாளில் ஹபாத் மரபிலும் ஆசான் மீதான பற்று பெருகியதே என்பது மற்றொரு மறுப்பு. அந்த வரலாறு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பின்னோர் நடத்தையைக் கொண்டு முன்னோர் நோக்கத்தை அளக்க இயலாது. உலகியல் காரியங்களுக்கு யோசனை கேட்டு வந்த அடியார்களை ஷ்னேயுர் சல்மான் ஒரு மடலில் கடிந்துகொண்டார்: காணாமற்போன கழுதைகளைத் தேடிய விவிலியச் சவுல் நாடியது தீர்க்கதரிசியான சாமுவேலை, அத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்வது அறிஞர் பணியன்று. தம்மிடம் எதைக் கேட்கலாகாது என்று வரையறுத்ததன் மூலம், மாணாக்கர் தாமே சுமக்கவேண்டியது எது என்பதை அவர் காட்டினார். மாணாக்கரைத் தம் அளவிலேயே நிறுத்திவிடாமல் இறைவன் முன் தனித்து நிற்கப் பழக்கியதே அவர் ஆசிரியத்துவத்தின் சிறப்பு.