சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

முன்னுரை

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா நிலையத்தின் மாடிக்குச் செல்வோர், அங்குள்ள துணிக்கடைகளையும் அவற்றினிடையே எழும் தையல் இயந்திர ஓசையையும் நன்கறிவர். ரவிக்கையும் சட்டையும் வெட்டியபின் தையற்காரரின் காலடியில் துண்டுத் துணிகள் எஞ்சுகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றின் அளவினதாக இருப்பது அரிது. இத்தகைய துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. காண்பதற்கு எளிய தொழிலாகிய இதில் கையாள்வோரை முதலில் மயங்க வைப்பது துண்டுகளின் அளவு பொருந்தாமையே ஆகும். இதே தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள சாங்கியில், சிறைப்பட்ட பெண்கள் 1942ஆம் ஆண்டில் தைத்த போர்வைகள் இச்சிக்கலைத் தீர்க்கும் வழி ஒன்றினை நமக்குக் காட்டுகின்றன.

சிறையும் பெண்களும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் காவலில் வைக்கப்பட்டனர். மார்ச்சு 8ஆம் நாள், பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1936இல் 600 கைதிகளுக்கெனக் கட்டப்பெற்ற அச்சிறையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அடைக்கப்பட்டனர். போர்வீரர்களாயிருந்த கணவன்மாரோ அருகிலிருந்த படை முகாமில் கைதிகளாயினர். கணவன் உயிரோடிருக்கிறானா என்பதை மனைவி அறியாள். மனைவியும் மக்களும் எங்குளர் என்பதைக் கணவன் அறியான். ஒரு சொல்லேனும் எழுதி அனுப்ப வழியில்லை.

இந்நிலையில்தான் கனடா நாட்டைச் சேர்ந்த எத்தல் மல்வனி என்னும் அம்மையார் ஒரு வழி கண்டார். முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பினை ஏற்றிருந்த அவர், மருத்துவமனைகளில் உள்ள காயமுற்றோருக்குப் போர்வை தைத்தளிக்கலாம் என்றார். காயமுற்றோருக்கு உதவுவதை மறுப்பது எவர்க்கும் எளிதன்று. அப்போர்வைகளே செய்தி சுமந்து செல்லும் மடல்களுமாயின.

ஆறு அங்குலச் சதுரம்

பங்குகொள்ள விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குல வெள்ளைப் பருத்தித் துணிச் சதுரம் ஒன்று வழங்கப்பட்டது. அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்துத் தம் பெயரையும் பொறிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். என்ன தைப்பது என்பது அவரவர் விருப்பம். துணியின் அளவு மட்டும் அனைவர்க்கும் ஒன்று. அம்முறையின் சிறப்பு இதிலேயே அடங்கியுள்ளது.

ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். வரிசைக்கு ஆறாகப் பதினொரு வரிசைகள் அமைந்தன. ஒரு சதுரம் அரைக்கால் அங்குலம் குறைந்தால் அதனைக் கண்ணால் காண்பதும் அரிது. ஆனால் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து வரும் பதினொரு சதுரங்களும் அவ்வாறே குறைந்தால், அப்பக்கம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். நீண்ட வரிசையும் குறுகிய வரிசையும் சேரும்போது மூலைகள் ஒன்றோடொன்று சந்திப்பதில்லை; போர்வை ஒருபுறம் இழுத்துச் சுருங்கும். மேலும், பூவேலை செறியச் செறியத் துணி உள்ளிழுக்கும் தன்மையது. ஆதலின் ஒரே அளவில் வெட்டிய சதுரங்களும் வேலை முடிந்தபின் சற்றே வேறுபடும். தொடக்கத்திலேயே அளவு ஒன்றாக இருந்தாலன்றிப் பல கைகள் தைத்ததை ஒரு போர்வையாக்குதல் இயலாது. சாங்கிப் பெண்களின் ஊசித்திறன் ஒருதன்மையதன்று. தேர்ந்த கையும் பழகாத கையும் அச்சதுரங்களில் அருகருகே காணப்படுகின்றன. எனினும் அனைத்தும் ஒரே பரப்பில் அமைந்து, விளிம்புகளில் சிவப்பு நூல் ஓட, ஒழுங்குற விளங்குகின்றன.

மூன்று போர்வைகள்

இவ்வாறு மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரித்தானியருக்கும் மற்றொன்று ஆத்திரேலியருக்கும் உரியவை. மூன்றாவது, காயமுற்ற சப்பானிய வீரர்க்கென்றே தைக்கப்பட்டது. பகைவர்க்கும் ஒன்று தைத்தமையால் ஏனைய இரண்டும் செல்ல வழி பிறந்தது எனலாம். சப்பானியப் போர்வையின் பின்புறத்தில், அவ்வீரர்தம் துன்பத்துக்கு இரங்கி மகளிர் அளிப்பது என்னும் கருத்தமைந்த வாசகம் உள்ளது. போர்வையை நீரில் நனைக்காது உலர்சலவை செய்தல் நலம் என்ற குறிப்பும் தைக்கப்பட்டுள்ளது. சிறைக்குள் இருந்தும் தம் கைவேலை கெடலாகாது என எண்ணிய உள்ளத்தை இக்குறிப்பு உணர்த்துகிறது.

ஏனைய இரண்டிலும் மலர்களோடு சிறையறையும் தாயகத்து நினைவுகளும் இடம்பெற்றன. ஒரு தாய் நீலநிற நாடா அணிந்த முயற்குட்டியைத் தைத்தார். மேலைநாட்டு வழக்கில் நீலம் ஆண்குழந்தைக்கு உரிய நிறம். மகன் பிறந்த செய்தியைத் தந்தைக்கு அறிவிக்க ஆறு அங்குலத் துணி போதுமானதாயிற்று.

இன்று சப்பானியப் போர்வையும் ஆத்திரேலியப் போர்வையும் கான்பெரா நகரின் ஆத்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. மற்றொன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் உள்ளது. பழைய சிறையின் பெரும்பகுதி 2004இல் இடிக்கப்பட்டது. எஞ்சிய நுழைவாயிலும் சுவர்ப்பகுதியும் கோபுரங்களும் 2016இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. கற்சுவரினும் பருத்தித்துணி நெடிது நின்றமை எண்ணி மகிழத்தக்கது.

அளவு பொருந்தாதபோது

முன்கூட்டியே அளவு வகுக்க இயலாதபோது என் செய்வது? தையல் அறிந்தோர் சில வழிகள் கூறுவர். வேறுபாடு சிறிதாயின், இரு துண்டுகளின் முனைகளையும் நடுப்பகுதியையும் முதலில் ஊசியால் பொருத்தி, பெரிய துண்டைக் கீழே வைத்துத் தைத்தல் வேண்டும். இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியைச் சற்றே விரைந்து இழுப்பதால் மிகுதி தானே அடங்கிவிடும். வேறுபாடு பெரிதாயின், சிறிய கட்டத்தைச் சுற்றிக் கரைத்துணி இணைத்து அதனைப் பெரியதன் அளவுக்குக் கொணர்வர். அல்லது கட்டங்களுக்கிடையே நீண்ட பட்டைகளை இட்டுத் தைப்பர். பௌத்தத் துறவியரின் சீவர ஆடை இம்முறையை நினைவூட்டும். மகத நாட்டு வயல்களைப் போன்று ஆடை அமைக்குமாறு புத்தர் பணிக்க, ஆனந்தர் அவ்வாறே வகுத்தார் என்பது பௌத்த மரபு. நெடிய துண்டும் குறுகிய துண்டும் அதில் வரப்புகளால் பிரிந்தும் இணைந்தும் நிற்கின்றன.

கர்நாடக மாநிலத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்களின் முறை முற்றிலும் வேறானது. ஆப்பிரிக்க வழிவந்த அம்மக்கள் துண்டுகளை அளந்து வெட்டுவதே இல்லை. போர்வையின் ஒரு மூலையில் தொடங்கி, விளிம்பைச் சுற்றி உள்நோக்கித் தைத்துச் செல்வர். கைக்கு எட்டிய துண்டு எவ்வளவினதாயினும், முன்னதன்மேல் சற்றே படியுமாறு மடித்துத் தைப்பர். இறுதித் துண்டு நடுவில் அமையும். அங்கு எத்துண்டும் அளவு தவறியதென ஒதுக்கப்படுவதில்லை.

பெயர் பொறிக்கப்படாதோர்

சாங்கிப் போர்வைகளைக் காணும் தமிழர் உள்ளத்தில் மற்றொரு நினைவும் எழுதல் இயல்பே. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. சென்றவருள் மிகப் பலர் மீளவில்லை. காஞ்சனபுரியில் மாண்ட நேசநாட்டு வீரர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய வரிசை அமையவில்லை. அவர்களுக்கு ஆறு அங்குலத் துணி கொடுத்துப் பெயர் தைக்கச் சொன்னவர் எவருமிலர். அவர்தம் வரலாறு, தப்பி வந்தோர் கூறிய சொற்களாகவும் குடும்பத்து நினைவுகளாகவும் அளவொவ்வாத் துண்டுகளாகவே எஞ்சியுள்ளது.

முடிவுரை

ஒரே அளவினை முன்னரே வகுத்து, அதனுள் அவரவர் கைக்கு உரிமை தந்தமையால் சாங்கிப் பெண்களின் போர்வை நிலைத்தது. அவ்வளவு வகுக்கப்படாதோரின் வரலாற்றுக்கு அதே அளவுகோலைக் கொண்டு செல்லுதல் பொருந்தாது. ஆவணமில்லை எனத் துண்டுகளை ஒதுக்காமல், கிடைத்ததைக் கிடைத்த அளவிலேயே விளிம்பிலிருந்து தைத்துச் செல்லும் சித்திப் பெண்களின் முறையே அங்கு ஏற்றது. மாணவர் தம் இல்லத்து முதியோரிடம் கேட்டறிந்து எழுதும் ஒரு பக்கமும் அப்போர்வைக்கு ஒரு துண்டாகும்.