மலையாறும் பயன்கணக்கும்



தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை அன்றே நிறுத்து, முழுப்பேரோ அரைப்பேரோ அன்றே பதிந்துவிடுகிறார்கள். தவறணையில் வளரும் கன்றின் பயனை அவ்வாறு அன்றே நிறுக்க இயலுமா? மின்சக்திக்காக அரசாங்கம் பணமிட்டு நடத்தும் ஆராய்ச்சியும் அக்கன்றைப் போன்றதே. அதன் பயனைக் கணக்கிடும் வகையை நமது மலைநாட்டு வரலாறே காட்டுகிறது.

அரசாங்கப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுப்பதால் நாட்டுக்கு விளையும் பொருளாதார நன்மையை அதில் ஆராய்ந்தார். 1924இல் தொடங்கிய வேலை இடையில் நின்றது. லக்ஷபானா மின்நிலையம் இயங்கியது 1950இல்தான். 1930இல் கணக்குப் பார்த்தவர், ஆராய்ச்சிக்கு இட்ட பணம் ஆற்றிற் கரைத்த புளி என்றே எழுதியிருப்பார். 32 ஆண்டுகள் பொறுத்தவருக்கே பயன் தெரிந்தது.

இனித் தலவாக்கலைக்கு வருவோம். ஊரையொட்டி ஓடும் கொத்மலை ஓயாவை, 1980களில் ஜப்பானிய உதவியுடன் ஆராய்ந்தனர். அதன் பயனாக எழுந்த மேல் கொத்மலை நீர்மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. சிறு தேக்கத்தில் மறித்த நீர், ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கவழி சென்று 150 மெகாவாட் ஆற்றலைத் தருகிறது.

இத்தகைய திட்டத்தின் பயனை அறிஞர் எவ்வாறு மதிப்பிடுகின்றனர்? 'இது இல்லையேல், அதே மின்சாரத்தை எண்ணெயோ நிலக்கரியோ எரித்துப் பெற என்ன செலவாகும்?' என்று வினவுகின்றனர். மிஞ்சும் செலவே பயன். முறை நல்லதே, எனினும் அத்தராசில் ஏறாதவையும் உண்டு. சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் அழகு குன்றும் என்று எதிர்ப்பு எழுந்தது. அதனாலேயே பகலில் அருவிக்கு நீர்விட ஏற்பாடாயிற்று. வாழ்ந்த இடத்தை விட்டு வேறிடம் சென்ற குடும்பங்களின் மனத்துயரை எந்த நாணயத்தில் எழுதுவது?

மற்றொன்றும் உண்டு. லக்ஷபானா மின்சாரம் மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்று பல்லாண்டுகள் கழிந்த பின்பும், பல தோட்டங்களின் லயன்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. நாட்டின் மொத்தக் கணக்கில் அந்த இருள் தெரியவில்லை.

ஆகவே, எவ்வளவு பயன் என்று கேட்பதோடு அமையாது, எத்தனை ஆண்டுகளில், யாருக்கு, யார் இழப்பில் என்றும் கேட்போமாக. அப்போதுதான் அரசாங்கம் ஆராய்ச்சிக்கு இடும் பொதுப்பணத்தின் கணக்கு நேராகும்.