வாசிப்பின் எளிய நோக்கு

வாசிப்பின் எளிய நோக்கு என்பது மாணவர் சிலர் வாசித்துப் பொருளுணர ஏன் இடர்ப்படுகின்றனர் என்பதை விளக்கும் கோட்பாடு ஆகும். இதனை பிலிப் கஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் 1986 ஆம் ஆண்டு முன்வைத்தனர். இதன்படி வாசித்துணரும் திறன், எழுத்துக்கூட்டும் திறன், கேட்டு விளங்கும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் ஆகும். கூட்டுத்தொகை அன்று என்பதே இங்கு முக்கியம்: ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு உயர்ந்திருப்பினும் விடை சுழியமே.

டிஸ்லெக்சியா உள்ள மாணவர் பிறர் வாசிக்கக் கேட்ட கதையை நன்கு விளங்கிக்கொள்ளக்கூடும். ஆனால் தாமே வாசிக்கையில் எழுத்துகளை ஒலிகளாக மாற்றுவதில் தடுமாறுவார். இது சோம்பலோ அறிவுக்குறைவோ அன்று. வேறு சிலர் பிழையின்றி வாசித்தும் பொருள் அறியார். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தை விட ஒழுங்கானது. எழுத்துகளைக் கற்றவர் பொருள் தெரியாத சொல்லையும் பெரும்பாலும் சரியாகவே ஒலித்துவிடுவார். எனவே இக்குறை தமிழ் வகுப்பறையில் எளிதில் மறைந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மாணவரால் வாசித்து விளங்க இயலாத பத்தியை ஆசிரியரே வாசித்துக் காட்டி வினா எழுப்பலாம். விடை வந்தால் எழுத்து-ஒலிப் பயிற்சி தேவை. வராவிடில் சொல்வளமும் பொருளறிவும் வளர்க்கப்பட வேண்டும். சிலருக்கு இரண்டுமே தேவைப்படும்.