இலைமெழுகு உயிர்ச்சுட்டிகள்

இலைமெழுகு உயிர்ச்சுட்டிகள் என்பன தாவர இலைகளின் மேற்பரப்பிலிருந்து நீங்கி, ஏரி, கழிமுகம், கடல் ஆகியவற்றின் படிவுகளில் தங்கிவிடும் மெழுகு மூலக்கூறுகள் ஆகும். ஒரு நிலப்பரப்பில் முற்காலத்தில் எவ்வகைத் தாவரங்கள் வளர்ந்தன என்பதை அறிய இவை பயன்படுகின்றன. புல்லினங்களின் மகரந்தத் தூள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கடினம். அக்குறையை இம்முறை ஓரளவு நீக்குகிறது.

செயற்படும் விதம்

நிலத்தாவரங்களின் மெழுகில் 27, 29, 31, 33 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட அல்கேன் சங்கிலிகள் மிகுந்திருக்கும். இவை எளிதில் சிதைவதில்லை. நெல், மரங்கள் முதலிய சி3 தாவரங்களைவிடக் கம்பு, சோளம், கரும்பு முதலிய சி4 தாவரங்களில் கார்பன்-13 ஐசோடோப்பின் விகிதம் கூடுதலாகும். இலை முழுவதையும் அளந்தால் இது முறையே ஏறத்தாழ −27‰, −13‰ என அமையும். மெழுகில் இரு மதிப்புகளும் இன்னும் தாழ்வாக இருந்தாலும் வேறுபாடு மறைவதில்லை. வெப்பமண்டலத்தில் சி4 புற்களின் பெருக்கம் பொதுவாக வறட்சியைக் குறிக்கும். ரைசோபோரா பேரினக் கண்டல் மரங்களின் இலைகளில் மிகுந்துள்ள தாராக்செரால் என்னும் சேர்மம் பழைய கண்டற்காடுகளுக்குச் சான்றாகிறது.

தென்னிந்திய ஆய்வுகள்

நீலகிரியின் முற்றாநிலக்கரிப் படிவுகளை ஆராய்ந்த இராமன் சுகுமார் குழுவினர் 1993இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் மெழுகைத் தனியே பிரிக்காமல் கரிமப்பொருள் முழுவதன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தனர். கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அங்கு வறட்சியும், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரமான காலநிலையும் நிலவின எனக் கண்டனர்.

கோதாவரி முகத்துவாரத்திற்கு அப்பால் 2006இல் எடுக்கப்பட்ட கடற்படிவில் இலைமெழுகே அளக்கப்பட்டது. கமிலோ பொன்டன் குழுவினர் 2012இல் வெளியிட்ட இவ்வாய்வின்படி, வறட்சி தாங்கும் தாவரங்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை படிப்படியாகப் பெருகின; அதன்பின்னும் நிலைத்தன. நடு இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் நிலையான வேளாண்மை வேரூன்றியது இக்காலத்திலேயே ஆகும்.

வரம்புகள்

ஆற்றுப்படிவு ஓர் ஊரின் தாவரங்களை மட்டும் காட்டுவதில்லை. அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், தலத்தெரு வட்டாரத்தின் வண்டலில், அருகிலுள்ள நெல்வயல்களின் மெழுகோடு காவிரி தோன்றும் குடகுக் காடுகளின் மெழுகும் சேர வாய்ப்புண்டு. மேலும், கம்பு, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிடுவதாலும் சி4 அளவு உயரலாம். எனவே மழை குறைந்ததா, மனிதர் நிலத்தை மாற்றினரா எனத் தீர்மானிக்க மகரந்தம், கரித்துகள் முதலிய பிற சான்றுகளும் தேவைப்படுகின்றன.